நாலு சாண் குழல்

ஒரு காட்டில் கர்ரக், கர்ரக் என்று ஒரு சத்தம். கேட்டவர்கள் தவளை என்று நினைத்தார்கள். மூன்று நாள் ஆகியும் நிற்கவில்லை. தவளைக்கு இவ்வளவு பிடிவாதம் கிடையாதே என்று மைனா ஒன்று வந்து எட்டிப் பார்த்தது. நாவல் மரத்துப் பொந்தில் தேவாங்கு கண்ணுச்சாமி உட்கார்ந்து, ஒரு குழாயை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே செய்றீங்க?"

"துப்பாக்கி."

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"நானேதான்."

மைனா அதற்கு மேல் கேட்கவில்லை. தானே கற்றவர்களிடம் இரண்டாவது கேள்வி கேட்டால் சாயங்காலம் ஆகிவிடும் என்று அதற்குத் தெரியும்.

விஷயம் இதுதான். மரத்தடியில் கண்ணுச்சாமிக்கு ஒரு சர்க்கரைவள்ளிப் பாத்தி இருந்தது. மழைக்காலம் முழுக்க அவர் வீட்டில் அடுப்பெரிவது அந்தக் கிழங்கை நம்பித்தான். போன வருஷம் காட்டுப்பன்றி பொம்மக்காவும் அவள் பிள்ளைகளும் ஒரே மத்தியானத்தில் பாத்தியைப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். இந்த வருஷம் கிழங்கு முற்ற இன்னும் பத்து நாள்தான் பாக்கி.

கண்ணுச்சாமி சட்டம் மதிப்பவர். கடலை மடித்து வந்த தாளில் ஆயுதச் சட்டத்தின் முதல் பக்கம் அவருக்குக் கிடைத்திருந்தது. அதை மனப்பாடமாகவே சொல்வார்: 'வீட்டில் செய்யும் துப்பாக்கிக்குக் குழல் நாலு சாணுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது துப்பாக்கி அன்று, ஒளித்துக் கொண்டுபோகும் ஒளிப்பாயுதம். ஒளிப்பாயுதத்துக்கு ஆறு மாதம் கூண்டு.' ஆகவே நாலு சாண் அளந்தார். நாலு தடவை அளந்தார். ஒரு மயிரிழை கூடுதலாகவே விட்டார். காட்டிலேயே சட்டப்படி ராவுகிற ஒரே ஆள் தான்தான் என்று லேசாகப் பெருமையும் பட்டுக்கொண்டார்.

துப்பாக்கியைப் பதியத் தூக்கிக்கொண்டு போன பதிவு அலுவலகத்தில் வரிசை நகரவே இல்லை. முன்னால் நின்றது ஆமை. மத்தியானத்துக்கு மேல்தான் எழுத்தர் உடும்பின் மேசைக்கு வர முடிந்தது. படிவத்தின் ஒரு முனையை உடும்பு பிடித்தால், மறுமுனையில் இருப்பவர்தான் கையை எடுக்க வேண்டும். கண்ணுச்சாமி எடுத்தார்.

"குழல் எத்தனை சாண்?"

"நாலுங்கய்யா. கொஞ்சம் கூடவே இருக்கும்."

"யாரு சாண்?"

கண்ணுச்சாமி கையை விரித்துக் காட்டினார். உடும்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது உங்க வயித்துக்குச் சரியா இருக்கும். சட்டத்துக்கு அரசு சாண் வேணும். கையெழுத்துப் போட்டது யாரு? யானை. அப்ப சாண் யானையோடது."

"யானைக்கு ஏதுங்கய்யா விரலு?"

"அந்தக் கேள்வி அப்பவே வந்துச்சு. தும்பிக்கையை ஒருக்கா நீட்டி வச்சா ஒரு சாண்னு சுற்றறிக்கையும் போயிருச்சு. ரெண்டாம் பக்கம் படிக்கலையா?"

இரண்டாம் பக்கத்தில் வேறு யாரோ கடலை வாங்கியிருந்தார்கள்.

உடும்பு ஒரு நார்க்கயிற்றை எடுத்துக் குழலின் மேல் வைத்தார். கயிறு மேசையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வரிசையில் நின்ற முயலின் காலடி வரை போயிற்று.

"அரைக்கால் சாண்கூட இல்ல. ஒளிப்பாயுதம்."

"ஐயா, இதை நான் எங்க ஒளிப்பேன்? இதுக்குப் பின்னாடி நின்னா நான்ல ஒளிஞ்சு போறேன்."

"ஆளையே ஒளிக்குதா? அதையும் எழுதிக்கிறேன்."

"வேணாங்கய்யா. குழலைத் தனியா கழட்டிப் போட்டுர்றேன்."

"குட்டைக் குழலும் துப்பாக்கிக் கட்டையும் ஒரே பொந்துல கிடந்தா, மாட்டாட்டியும் மாட்டினதாத்தான் அர்த்தம்."

"வேற வேற மரத்துல வச்சா?"

"ரெண்டு மரத்துக்கும் நீங்க ஏறிருவீங்கள்ல? உங்களை ரெண்டா வேற வேற மரத்துல வச்சாத்தான் சட்டப்படி சரி." உடும்பு பேனாவை மூடினார். "ஏழு நாள் தர்றேன். நீளம் பண்ணுங்க. சும்மா செருகி வச்சது செல்லாது, கழட்ட முடியாதபடி ஒட்டியிருக்கணும். ஒட்டின பிறகு வெட்டினா அது தனிக் குற்றம்."

திரும்பும் வழியில் கண்ணுச்சாமி தன்னையே நினைத்துச் சிரித்துக்கொண்டார். சட்டம் படிக்காத தேவாங்குகள் எல்லாம் வெளியே நிம்மதியாகத் தூங்குகின்றன. படித்த ஒன்று, பாதி படித்ததால், கூண்டுக்கு ஏழு நாள் தூரத்தில் நடந்துபோகிறது.

ஆறு நாள் கிடைத்த குழாயை எல்லாம் ஒட்டினார். ஏழாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லாததால் உடும்பே கயிற்றோடு வந்தார். நாலு சாண் சரியாக இருந்தது. முத்திரை விழுந்தது. கட்டை நாவல் மரத்தில் சாய்ந்திருக்க, குழல் கவைக்குச்சிகளின் மேல் பாத்தி நெடுக ஓடி, பாத்தி முடிந்த பிறகும் கொஞ்சம் போய், அத்திமரத்தடியில் வாயைத் திறந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் பொம்மக்கா ஐந்து பிள்ளைகளோடு வந்தாள். கண்ணுச்சாமி கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, சொல்லிப்புட்டேன். இது லைசென்ஸ் உள்ளது."

"தெரியும் தம்பி. காடே பேசுது." அவள் அத்திமரத்திலிருந்து குழலை ஒட்டியே மெதுவாக நடந்து வந்தாள், வரன் பார்க்க வந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பது போல. "நல்லாத்தான் செஞ்சிருக்க. குண்டு எப்படி வரும்?"

"வாய் வழியா."

"வாய் எங்க இருக்கு?"

"அத்திமரத்துக்கிட்ட."

"நாங்க எங்க நிக்கிறோம்?"

கண்ணுச்சாமிக்குப் பொய் சொல்லவும் வராது. "இந்தப் பக்கம்," என்றார்.

"புள்ளைகளா, கேட்டுக்கங்க. அத்திமரத்துப் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது. மாமா சுட்டுருவாரு. இங்கயே இருந்து சாப்பிடுங்க."

கண்ணுச்சாமி குழலைத் திருப்பப் பார்த்தார். இடப்பக்கம் புங்க மரம் தடுத்தது. வலப்பக்கம் ஒரு விரல் நகர்ந்தால் வாய் அணிலின் எல்லைக்குள் போய்விடும், அதற்குத் தனிப் படிவம். கடைசியில் மரியாதையாகவே கேட்டார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி, அத்திமரத்தடியில நின்னு சாப்பிடக் கூடாதா?"

"அங்க கிழங்கு இல்லையே தம்பி," என்றாள் பொம்மக்கா. வாய் நிறைய இருந்தாலும் பதில் சொன்னாள்.

வெயில் தாழ்வதற்குள் பாத்தி காலியாயிற்று; கடைசிக் குட்டி குழலில் முதுகைச் சொறிந்துகொண்டு எழுந்தது. போகும்போது பொம்மக்கா இரண்டு கிழங்கைக் காலால் தள்ளி ஒதுக்கி வைத்தாள்.

"வச்சுக்க. லைசென்ஸ் உள்ள ஆளு பட்டினி கிடந்தா நமக்குத்தான் கெட்ட பேரு."

கண்ணுச்சாமி கட்டையை விட்டார். பிறகு பாத்திக்குள் இறங்கி, மிதிபட்ட கொடிகளில் பச்சை இருந்தவற்றைப் பொறுக்கினார். கணுவுக்குக் கணு கிள்ளி, மண்ணைத் தட்டிவிட்டு, ஒவ்வொன்றாகப் பாத்தியில் ஊன்றத் தொடங்கினார்.

நீதி: சட்டத்துக்குப் பயந்து துப்பாக்கியை நீட்டுகிறவர், கிழங்கை அதன் வாய்க்கு முன்னால் நட வேண்டும். அங்கே இடமில்லாதவர், சாப்பிட அங்கே வரும்படி பன்றியிடம் விண்ணப்பிக்கலாம்.