பாக்கெட்டில் இருந்த பெண்

"யாருங்க இவ?"

டோரதியின் இடது கையில் கணவரின் பழுப்புக் கோட்டு. வலது கையில், அதன் உள்பாக்கெட்டிலிருந்து எடுத்த துண்டுச் சீட்டு.

ரேமண்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஆங்கிலம். சாய்ந்த கையெழுத்து. 'நேற்றும் ஃபெரி படகுத்துறையில் காத்திருந்தேன். கடைசிப் படகு போகும்வரை நின்றேன். நீ வரவில்லை.'

"எவ்வளவு அழகா எழுதியிருக்கா!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

இருபத்தாறு வருட இல்லறத்தில் இதைவிட மோசமான பதிலை அவர் சொன்னதில்லை.

"இல்ல டோரதி, இது பண்டல் கடையில வாங்குன பழைய கோட்டு. முன்னால யாரு போட்டதோ!"

"போன மாசம் மால்ல புதுசா வாங்குனேன்னு சொன்னீங்க."

"அது பொய்."

"அப்ப இது?"

பழைய துணி என்றாலே டோரதிக்கு ஆகாது. "எவனோ செத்தவன் சட்டை என் அலமாரியில தொங்கக் கூடாது" என்பாள். ரேமண்ட் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. பிறர் போட்டுப் பழகிய கோட்டுக்குள் கையை நுழைத்தால், வேறொருவன் வாழ்க்கைக்குள் நுழைவதுபோல் இருக்கும் அவருக்கு. முழங்கை தேய்ந்திருந்தால், அவன் எந்தச் சன்னலோரம் சாய்ந்து யாரை நினைத்தான் என்று யோசிப்பார். புதுச் சட்டையில் குண்டூசியைத் தவிர என்ன இருக்கிறது?

"கதை விடாதீங்க லா. எனக்குச் சாட்சி வேணும். இல்லன்னா ஞாயித்துக்கெழம பாலிக் புலாவ் போறேன், தங்கச்சி வீட்டுக்கு." அலமாரியின் மேலிருந்த பெட்டி அதற்குள் கீழே வந்திருந்தது.

மறுநாள் மாலை ரேமண்ட், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு மாடியிலிருந்த கமாலுதீனின் பண்டல் கடைக்கு ஓடினார். கமாலுதீன் தொழுகைக்குப் போயிருந்தார். வெளியே மழை. வரிசை வரிசையாகத் தொங்கிய சட்டைகள், யாருக்காகவோ நின்று களைத்தவர்கள்போல் மெல்ல அசைந்தன. படகுத்துறையில் நின்ற அந்தப் பெண்ணை நினைத்தார். நினைத்தபடியே ஒரு வான நீலச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, ஒங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு லா!" என்றபடி கமாலுதீன் படியேறி வந்தார்.

"கோட்டுக்கு ஒரு பில் வேணும் கமால்."

"பண்டலுக்கு ஏதுண்ணே பில்லு?"

நீலச் சட்டையில் கடையின் அட்டை தொங்கியது. அதுவே சாட்சி என்று ரேமண்ட் சட்டையை வாங்கிக்கொண்டு, நனைந்தபடி டத்தோ கிராமாட் பகுதியிலிருந்த தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

டோரதி அட்டையைப் படித்தாள். பிறகு பாக்கெட்டுக்குள் விரலை விட்டாள். இன்னொரு சீட்டு.

'இன்றைக்காவது வா. மழை பெய்தாலும் வா.'

தரையில் சொட்டிக்கொண்டு நின்ற கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "சொன்ன பேச்சக் கேட்டு மழையிலயே போயிருக்கீங்க."

ரேமண்டின் முகம் வாடிப்போயிருந்தது. "அதே கையெழுத்து. அப்ப அவ ரெண்டு பேருக்கு எழுதியிருக்காளா?"

"உங்களுக்குப் பொறாமை வேறயா!"

ஞாயிறு பூசை முடிந்ததும் பெட்டி காரில் ஏறியது. "கடையைக் காட்டுங்க. பொய்னா நேரா பாலிக் புலாவ்தான்."

மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு டோரதி மாடியேறினாள். கமாலுதீன் "வாங்கக்கா" என்றார். மூலை மேசையில் அவர் மனைவி காமாரியா குனிந்து ஏதோ வேலையாக இருந்தாள். டோரதி சுங்க அதிகாரிபோல் ஒவ்வொரு பாக்கெட்டாகத் துழாவினாள். மூன்றாவது வரிசையில் கைக்குட்டையை மறந்துவிட்டாள். ஒரு பச்சைக் கவுனின் பக்கப் பாக்கெட்டில் விரல் நின்றது.

இது வேறு கையெழுத்து. நெருக்கி, அழுத்தி எழுதியது. 'வந்தேன். படகு தாமதம். உன் பச்சைக் கவுன் தெருமுனையில் திரும்பியதை மட்டும் பார்த்தேன்.'

"இது உங்க எழுத்து இல்ல," என்றாள்.

"இல்ல."

"அப்ப நெசமாவே வேற ஒருத்தன் இருந்திருக்கான்."

"அதத்தான நாலு நாளா சொல்றேன்."

டோரதி அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ பாவம், வந்திருக்கான்ங்க! அவளுக்குத் தெரியாமப் போச்சே."

பிறகு எழுந்து, கவுனைத் தன்மேல் வைத்துக் கண்ணாடி முன் நின்றாள். சாட்சிக்காகப் போட்டு வந்திருந்த பழுப்புக் கோட்டோடு ரேமண்ட் பக்கத்தில் வந்து நின்றார். எங்கோ தூரத்தில் படகு ஒன்று ஊதியது. கண்ணாடிக்குள் பச்சைக் கவுனும் பழுப்புக் கோட்டுமாக இருவர் சேர்ந்து நின்றார்கள். அவர்களுக்குத் தாமதம் ஒன்றுமில்லை.

"இத நான் எடுத்துக்கிறேன்," என்றாள் டோரதி, மெதுவாக. பெட்டியும் தங்கை வீடும் அவள் நினைவிலேயே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"தம்பி, அப்புறம் என்னதான் ஆச்சு? ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாங்களா?"

கமாலுதீன் தலையைச் சொறிந்தார். மூலையிலிருந்து காமாரியா, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"கொஞ்சம் பொறுங்கக்கா. அத நான் இன்னும் எழுதல."