பண்ணுகிறவர்

ஓசூர்ப் பக்கம் எத்தனை வகைத் தொழிற்சாலைகள் உண்டோ அத்தனையிலும் தவறாமல் உற்பத்தியாகும் மனித ரகம் ஒன்று இருக்கிறது. அதற்குப் 'பண்ணுகிறவர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். என்ன பண்ணுகிறவர் என்று கேட்காதீர்கள். அது அவருக்கே தெரியாது.

ஆங்கிலத்தில் ஒரு வசதி உண்டு, வாசகரே. பிளான் என்றால் திட்டம், திட்டமிடுவதும் அதே பிளான்தான். ரிப்போர்ட், செக், சப்போர்ட், சேஞ்ச் எல்லாம் இதே சாதி. ஒரே சொல் பொருளாகவும் உட்கார்ந்திருக்கும், வேலையாகவும் ஓடும். நம்மவர் அதன் வாலில் ஒரு 'பண்ணு' கட்டிவிட்டால் போதும், சொல் வாயை விட்டு இறங்கிய நொடியே காரியம் முடிந்துவிட்டதாக நிம்மதியாகி டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். எல்லை ஊர் வேறா, கன்னடக்காரர் வந்தால் 'அட்ஜஸ்ட் மாடி', தெலுங்குக்காரர் வந்தால் 'அட்ஜஸ்ட் செய்யண்டி'. மூன்று மொழி தெரிந்தவர் என்ற பேரும் கிடைத்துவிடுகிறது.

பாஸ்கரனையே எடுத்துக்கொள்ளுங்கள். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் வந்ததும் மெஷினை செக் பண்ணுவார், அதாவது மெஷின் இருக்கும் திசையைப் பார்ப்பார். பிறகு அன்றைய வேலையை பிளான் பண்ணுவார், அந்த பிளானை மேலே ரிப்போர்ட் பண்ணுவார், மேலே இருப்பவர் அதை நோட் பண்ணிக்கொள்வார். இதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். கெட்டவரா? சேச்சே. யார் எது கேட்டாலும் முடியாது என்று சொல்ல வராத மனிதர். ஆபத்தே அதில்தான்.

அவருக்குக் கீழே பேக்கிங்கில் வேலை செய்பவர் மாதேஸ்வரி, பக்கத்திலிருக்கும் பேரிகை என்ற ஊர்க்காரர். மகள் காவியாவுக்கு வெள்ளிக்கிழமை காலை நிச்சயதார்த்தம். அந்த வாரம் பார்த்துக் காலை ஷிப்ட். இப்படி வந்தால் பெண்கள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது வழக்கம். மாதேஸ்வரியும் மதிய ஷிப்ட் வினோதாவைக் கேட்கத்தான் இருந்தார். பாஸ்கரன் விடவில்லை.

"நீங்க யாரயும் கேக்க வேணாம்மா. நானே சேஞ்ச் பண்ணிடறன்."

பண்ணினார். வாட்ஸப் குழுவில் 'மாதேஸ்வரி, வெள்ளி, ஷிப்ட் சேஞ்ச்' என்று போட்டார். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். வினோதாவும் தூக்கினார். மாதேஸ்வரி இடத்தில் யார் வருவது என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை விரல் நிமிர்ந்திருக்கும்போது எப்படிக் கேட்பது? பாஸ்கரன் மாதேஸ்வரியிடம் மாற்றியாகிவிட்டது என்று சொன்னார், அவரும் மனநிறைவோடு பந்தலுக்கு ஆள் சொல்லப் போனார்.

வெள்ளிக்கிழமை பேக்கிங் மேசை காலியாக இருந்தது. பேரிகையில் தாம்பூலத் தட்டைக் கையில் எடுக்கும் நேரத்தில் மாதேஸ்வரிக்கு போன் வந்தது. கம்பெனி போனை எடுக்காமல் இருக்க முடியுமா? அந்த வேலையை நம்பித்தானே இந்தக் கல்யாணமே.

"ஏம்மா, ஷிப்டுக்கு ரிப்போர்ட் பண்ணல?"

"நீங்கதான சார் சேஞ்ச் பண்ணிட்டன்னு சொன்னீங்க. உங்கள நம்பி நான் வேற யாரயும் கேக்கல."

பாஸ்கரன் கைவிடுகிறவர் இல்லை. "லைன்லயே இருங்க, ஹெச்.ஆர்ல டிஸ்கஸ் பண்ணிட்டு வரன். கட் பண்ணிடாதீங்க."

மாதேஸ்வரி பட்டுப்புடவையோடு வீட்டுக்குப் பின்னால் போய், சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே பெண்ணோட அம்மா எங்கே என்று தேடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நல்ல நேரம் யாருக்காகக் காத்திருக்கும்? கடைசியில் கணவர் திம்மப்பனோடு அவருடைய அக்கா நாராயணம்மா நின்று தட்டை மாற்றிக்கொண்டார்.

அப்போதுதான் பாஸ்கரன் லைனுக்குத் திரும்பினார். "ஒரு பிராப்ளமும் இல்லம்மா. லீவ அப்ரூவ் பண்ணியாச்சு. நீங்க ஃபங்ஷன என்ஜாய் பண்ணுங்க."

"தட்டு மாத்திட்டாங்க சார்," என்றார் மாதேஸ்வரி.

மறுநாள் பாஸ்கரன் அவரிடம் வந்து ரொம்ப ஃபீல் பண்ணுவதாகச் சொன்னார். முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அவர் பண்ணியவற்றில் இது ஒன்று மட்டும் நிஜம் என்று நான் நம்புகிறேன். இனி இப்படி நடக்கக் கூடாது என்று உடனே இன்னொரு குழுவும் தொடங்கினார். எல்லாரும் அதை வரவேற்றார்கள். மாதேஸ்வரி மட்டும் நிச்சயதார்த்தப் படங்களை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், பாஸ்கரன் யாரோதானே. ஆனால் போன வாரம் உங்களிடம் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு உதவி கேட்டார், நீங்களும் தோளைத் தட்டி 'பண்ணிடலாம்' என்றீர்கள், நினைவிருக்கிறதா? உங்களை நம்பி அவர் வேறு யாரையும் கேட்கவில்லை.