எந்தக் கேமராவில் எடுத்தது?

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. மேகமற்ற வானம், மாலை வெயிலில்கூட மார்கழிக் குளிரின் மிச்சம் இருந்தது.

இத்தகைய நாள்களில் மயிலாப்பூர் மொட்டை மாடிகளில் தென்படும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். 'படம் எடுக்கப்போகிறவர்' என்று அதற்குப் பெயர். படம் எடுப்பவரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவரை அடையாளம் காண்பது எளிது. உங்கள் பேரக் குழந்தையின் படத்தைக் காட்டிப் பாருங்கள். "எந்தக் கேமராவில் எடுத்தது?" என்பார். மகளின் திருமண ஆல்பத்தைக் கொடுங்கள். அதே கேள்வி. எங்கள் குடியிருப்பின் கஸ்தூரிரங்கன் ஒருநாள் தெருமுனையில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் முன் நெடுநேரம் நின்றிருந்தார். வேண்டியவர் போலும் என்று எண்ணி நானும் தலைகுனிந்து நின்றேன். "மூக்கோட நிழல் எவ்வளவு மிருதுவா விழுந்திருக்கு பாருங்கோ, சார். எந்தக் கேமராவோ!" என்றார்.

அவருடைய அடுத்த வீட்டுக்காரர் வில்லியம். முப்பது ஆண்டுகளாக ஒரே நாளிதழை வாங்கி இருவரும் பங்கிட்டுப் படித்தவர்கள். அவரை ஒரு நல்ல உருவப்படம் எடுத்துத் தருவதாகக் கஸ்தூரிரங்கன் வாக்களித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஜனவரி ஞாயிறு இரவு வில்லியமும் மனைவி ஜூலியட்டும் மகளுடன் வாழ மெல்போர்னுக்குப் புறப்படுகிறார்கள். திரும்பி வரும் உத்தேசம் இல்லை. படம் எடுப்பதென்றால் அன்றுதான் எடுக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகளாக அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றா கேட்கிறீர்கள்? லென்ஸைக் கழற்ற முடியாத, ஜூமும் இல்லாத சிறிய கேமராவே போதும் என்று முதல் மாதமே முடிவு செய்து, அந்த லென்ஸ் இருபத்தெட்டு மில்லிமீட்டரா, நாற்பதா என்று யோசிக்கத் தொடங்கி, இருபத்தெட்டில் அருகே நின்று எடுத்தால் மூக்கு பெருத்துவிடும், வில்லியத்தின் மூக்குக்கு அந்த உதவி தேவையே இல்லை என்று கவலைப்பட்டு, நாற்பது என்றால் கூடத்திலிருந்து பின்வாங்கிச் சமையலறைக்குள் போய் நிற்க வேண்டும், அதற்கு மனைவி ஜானு இடம் தரமாட்டாள் என்று தயங்கி, அடையாற்று நண்பர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டு, அவர் சொன்னதை மறுக்க இன்னொருவரைத் தேடிப் பிடித்து, தியாகராய நகர்க் கடைக்கு வாரந்தோறும் சென்றுவந்தார். வாங்கவில்லை.

"சார், நீங்க கேட்டுக்கினே இருந்தீங்க, அந்த இருபத்தெட்டு மாடலே நின்னுபோச்சு" என்றார் கடைக்காரர்.

அதன் பிறகே நாற்பது வந்தது. வந்ததும் விளக்குப் பிரச்சினை தொடங்கியது. வட்ட விளக்கு, சதுர விளக்கு, ஒளியைப் பரப்பும் வெள்ளைக் குடை என ஒவ்வொன்றாக வீட்டுக்குள் குடியேறின. ஐப்பசி மழையில் அந்தக் குடையை விரித்துக்கொண்டு ஜானு காய்கறி வாங்கப் போய்வந்தாள். வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மாகோல் பலகைகளும் வந்து சேர்ந்தன.

"கொலு முடிஞ்சு மூணு மாசமாச்சு. நம்மாத்துல மட்டும் இன்னும் தெர்மாகோல்!" என்றாள் ஜானு.

இவ்வளவுக்கும் பிறகு அவர் கண்டடைந்த முடிவு, மாலை வெயிலுக்கு ஈடான விளக்கு உலகில் இல்லை என்பது.

ஆகவே அந்த ஞாயிறு நான்கு மணிக்கே, கஞ்சி போட்ட சட்டையில் வில்லியம் மொட்டை மாடி நாற்காலியில் அமர்ந்துவிட்டார். வெளிச்சம் மெல்லப் பொன்னிறமாயிற்று. கஸ்தூரிரங்கன் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இறக்கிவிட்டார்.

"இன்னா ரங்கா, வெயில் சூப்பரா கீது. அமுக்கேன்!"

"ஞாயித்துக்கிழமைடா. நாலரையிலேர்ந்து ஆறு ராகு காலம்."

"நான் சாந்தோம் கோயில்காரன். எனக்கு ஏதுடா ராகு காலம்?"

"உனக்கில்லை. கேமராவுக்கு. அதோட முதல் படமோன்னோ!"

வில்லியம் நாற்காலியே ஆடும்படி சிரித்தார். பெட்டிகளைக் கட்டிவிட்டுக் கணவரைத் தேடி மாடிக்கு வந்த ஜூலியட், "ரெண்டு பேரும் இப்படிப் பாருங்க" என்று தம் கைப்பேசியை நீட்டினார். இருவரும் பார்க்கவில்லை. அவர் அமுக்கிவிட்டார்.

ஆறு மணிக்கு ராகு காலம் விடைபெற்றது. சூரியனும் அதே வண்டியில் ஏறிக்கொண்டது. கீழே ஓடிய கஸ்தூரிரங்கன் சதுர விளக்கோடு படியேறுவதற்குள் வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது.

"பரவால்லடா. அடுத்த தபா எடு" என்றார் வில்லியம், படியிலேயே அவரைக் கட்டிக்கொண்டு. இடையில் விளக்கு இருந்தது. இருவரும் அதைக் கீழே வைக்கவில்லை.

சிரிக்கிறீர்களா, வாசகரே? உங்கள் கைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திறந்தே வைத்திருக்கும் பக்கங்களைச் சற்று மூடிவிட்டுச் சிரியுங்கள். நல்ல பேனா கிடைத்ததும் எழுதலாம் என்றிருக்கும் கடிதம், நல்ல காலணி வாங்கியதும் தொடங்கவிருக்கும் நடைப்பயிற்சி, வீடு ஒழுங்கானதும் அழைக்க நினைத்திருக்கும் நண்பர் ஆகியவை உங்களிடம் இல்லையென்றால் தாராளமாகச் சிரியுங்கள்.

சென்ற வாரம் கஸ்தூரிரங்கன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில், ஜூலியட் அனுப்பிய படம் சட்டமிடப்பட்டுத் தொங்கியது. சற்றே சாய்ந்த படம். அதில் வில்லியத்தின் மூக்கு பெருத்திருந்தது. பாதி முகத்தில் நிழல். வாய் முழுவதும் சிரிப்பு. அருகே, கடிகாரத்தைக் காட்டியபடி கஸ்தூரிரங்கன்.

பழிதீர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்குமா?

"எந்த ஃபோனில் எடுத்தது?" என்று கேட்டேன்.

"கேக்கத் தோணலை, சார்."