அம்மாவின் பெயரில் பதினான்கு தடவை

எழுத்தாளனை உருவாக்குவது வாசிகசாலைதான் என்று மேடைக்கு மேடை முழங்கி வருகிறேன். உண்மைதான். என்னைக் கவிழ்த்ததும் அதுதான் என்பதை மட்டும் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். சண்டிலிப்பாய்ப் பக்கம், எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு சின்ன வாசிகசாலை. அதன் இரண்டு அலுமாரிகளையும் வாசித்து முடித்த திமிரில், இனி ஊர் என்னை வாசிக்கட்டும் என்று சிறுகதைத் தொகுதி போட்டேன். யுத்தகாலக் கடதாசித் தட்டுப்பாடு, கோடு போட்ட கொப்பித்தாளில்தான் அச்சு. (எழுத்து கோட்டில் நிற்கவில்லை. கதையும்தான்.) ஐந்நூறு பிரதி. ஒன்றை வாசிகசாலைக்கு அன்பளிப்புச் செய்தேன்.

வரப்போகும் ஆண்டு விழாவில், அதிகம் இரவல் போன உள்ளூர்ப் புத்தகத்தின் ஆசிரியருக்குப் பொன்னாடை என்று அறிவித்தார்கள். எனக்குப் போட்டி எங்கள் ஊர் நாட்டு வைத்தியர் பரியாரியார். தடிமனுக்கும் இருமலுக்கும் மூலிகைக் குடிநீர் காய்ச்சும் முறை எழுதியிருந்தார். ஊரே அதை எடுத்தது. என்னுடையதை ஈ காக்கை சீண்டவில்லை. ஒரு இலக்கியவாதி இருமல் மருந்திடம் தோற்பதா? அம்மாவின் பெயரில் அங்கத்துவ அட்டை எடுத்தேன்.

"கொம்மா அவ்வளவு வாசிப்பாவோ தம்பி?" என்றார் நூலகர் பொன்னுத்துரை அண்ணை.

"திரும்பத் திரும்பக் கேக்கிறா அண்ணை."

பதினான்கு தடவை கேட்டார். பரியாரியார் பதின்மூன்றில் நின்றுவிட்டார்.

விழாவில் பொன்னாடை என் தோளில் விழுந்தபோது முன்வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் பொன்னுத்துரை அண்ணை எழும்பினார்.

"உந்தப் புத்தகத்தைப் பதினாலு தரம் எடுத்து வாசிச்ச எங்கடை சிறந்த வாசகி, இவரின்ரை தாயார், ரெண்டு வார்த்தை கதைப்பா."

ஐயோ! கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். வயிற்றுக்குத்து என்று நினைத்தாரோ என்னவோ, "என்னடா செய்யுது?" என்று கேட்டபடியே அம்மா மேடைக்கு ஏறிவிட்டார்.

"ஆர், நானோ எடுத்தது? உந்தப் புத்தகம் நானூறுக்கு மேலை என்ரை கட்டிலுக்குக் கீழை கிடக்கு, கூட்டவும் வழியில்லை. நான் ஏன் ஐயா இஞ்சை வந்து எடுக்கிறன்?"

சபை சிரித்த சிரிப்பில் கூரை ஓடு கழன்றிருக்கும். பொன்னாடையை நானே கழற்றிப் பரியாரியாருக்குப் போர்த்தினேன். (அந்த வயிற்றுக்குத்துக்கும் ஒரு குடிநீர் சொன்னார், மனுசன்.)

அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள் எழுதிவிட்டேன். நூலகங்கள் தாமாகவே வாங்குகின்றன, நம்புங்கள். ஆனால் வீட்டில் "புத்தகம் நல்லாப் போகுது" என்று நான் வாய் திறந்தால் போதும், தங்கச்சி உடனே கேட்பாள்:

"ஆரின்ரை பேரிலை அண்ணை?"