ஏழாம் மாதத்தில் ஒரு கடல் பார்த்த அறை

அறை கிடைத்துவிட்டதுதான் பிரச்சினையே.

ஆகஸ்ட் மாதம், பள்ளி விடுமுறை, கிழக்கே சாங்பின் கடற்கரை. மொத்தமே மூன்று அறைகள் உள்ள சின்ன விடுதி. ஜன்னலைத் திறந்தால் பசிபிக். அப்படிப்பட்ட இடத்தில் மூன்று நாட்களுக்கு, அதுவும் பாதி வாடகைக்கு, ஒரே போனில் அறை கிடைத்தால் எவனும் ஒரு நிமிடம் யோசிப்பான். போஹான் யோசிக்கவில்லை. தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டான்.

தைபேயில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில், எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அட்டவணை போடுவது அவன் வேலை. அந்த வேலையில் பத்து வருடம் இருப்பவர்களுக்கு உலகமே தங்கள் அட்டவணைப்படிதான் நடக்கிறது என்று ஒரு நினைப்பு வந்துவிடும்.

வீட்டில் மட்டும் அது செல்லவில்லை. கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் வருடம் ஆபீஸில் அவசர வேலை, அடுத்த வருடம் புயல். பத்து வயது மகள் நிங்நிங் இப்போதெல்லாம் அப்பா எதைச் சொன்னாலும், "பாக்கலாம்ப்பா" என்று வங்கி மேனேஜர் மாதிரி பதில் சொல்கிறாள். ஐந்து வயது தோதோ மட்டும் இன்னும் நம்பினான். நீச்சல் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தான். இந்த வருடமும் போகாவிட்டால் அவனும் அக்கா கட்சிக்குப் போய்விடுவான். அது போஹானுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு எப்போதும் மாமனார் வீட்டில். இவர்கள் மூன்றாவது மாடி, அவர் ஐந்தாவது மாடி. மாமனார் பான் தியென்வாங் முப்பது வருடம் சுற்றுலாப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது. மகள் பெய்ஜுன் அவர் பேச்சைத் தட்டமாட்டாள். மாப்பிள்ளைக்குத் தட்டத் தெரியாது.

போஹான் போனில் விடுதியின் படத்தைக் காட்டினான். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த ரூமா?"

"ஆமா மாமா. மாடியில, மூலை ரூம். கடல் அப்படியே கையில பிடிக்கிற மாதிரி."

"எந்தத் தேதி?"

தேதியைச் சொன்னான். மாமனார் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் பக்கம் போய்த் தாள்களைப் புரட்டினார். சந்திர மாதக் கணக்கு அதில்தான் இருக்கும். போஹானின் போனில் இருக்காது.

"ஏழாம் மாசம்," என்றார். "அதுவும் பௌர்ணமி. கீழ்லோகக் கதவைத் திறந்து விட்டு எல்லாரும் வெளியில சுத்துற நாள். புள்ளைங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறியா மாப்ளே?"

"யாரு தாத்தா சுத்துவாங்க? பேயா?" என்றான் தோதோ.

"உஷ்!" என்று பெரியவர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"அப்படிச் சொல்லக் கூடாது. நல்லண்ணன்மார்னு சொல்லணும்," என்றாள் பெய்ஜுன். அவள் முகம் வெளுத்திருந்தது. கணவனைப் பார்த்து, "நீ காலண்டரே பாக்கலையா?" என்று கேட்டாள். எந்தக் கேள்விக்கும் அட்டவணை வைத்திருப்பவன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

மாமனார் தன் அனுபவத்தில் ஒன்றை எடுத்துவிட்டார். கடலோரச் சாலையில் வண்டி ஓட்டியபோது, முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற ஒரு பயணியின் காலை யாரோ பிடித்து இழுத்தார்களாம். "பாவம், அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல. வருஷம் பூரா பட்டினி. ஒரு மாசம்தான் லீவு."

"அந்த மூணு நாளும் அப்பா மலைக்கோயில்ல இருப்பாரே," என்றாள் பெய்ஜுன். "வருஷா வருஷம் சூத்திரம் ஓதப் போறாரு, போனைக்கூட எடுக்க மாட்டாரு. ஏதாவது ஒண்ணுன்னா நான் யாரைக் கூப்பிடுவேன்?"

போஹான் முதல் சமாதானத்தை முன்வைத்தான். "குளிக்கவே வேண்டாம். கரையில நின்னு பாத்துட்டு வந்துடலாம்."

"பாக்கலாம், தப்பில்ல," என்றார் மாமனார் பெருந்தன்மையாக. "ஆனா பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்பக் கூடாது. பேரைச் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. பேரைக் கேட்டுட்டு அவங்க கூப்பிட ஆரம்பிச்சுடுவாங்க."

அதற்கும் போஹானிடம் வழி இருந்தது. மறுநாளே பிள்ளைகளுக்கு நம்பர் கொடுத்தான். நிங்நிங் ஒன்று, தோதோ இரண்டு.

"நான்தான் ஒண்ணு!" என்று தோதோ தரையில் படுத்துவிட்டான்.

"நான்தான் முதல்ல பொறந்தேன்," என்றாள் நிங்நிங்.

அன்று மாலை ஒத்திகையில், "ஒண்ணு!" என்று கூப்பிட்டபோது இருவரும் வந்தார்கள். "ரெண்டு!" என்றபோது யாரும் வரவில்லை. கடற்கரையில் இது எப்படிப் போய் முடியும் என்று பெய்ஜுன் கேட்டாள்.

சரி, சாமியையே கேட்டுவிடலாம் என்று தெருக்கோடியில் இருந்த கடல் தேவி கோயிலுக்குப் போனான். கடலுக்கே பொறுப்பான தெய்வம், நேராகக் கேட்டால் மறுக்குமா என்ன? ஊதுபத்தி ஏற்றி, பெயரும் விலாசமும் சொல்லி, "தாயே, குடும்பத்தோட கடலுக்குப் போறது நல்லதா?" என்று கேட்டு, சிவப்புப் பிறைக்கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டான். ஒன்று நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து விழுந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் கூடாது. இரண்டும் நிமிர்ந்தால் தெய்வம் சிரிக்கிறது என்று அர்த்தம்.

இரண்டும் நிமிர்ந்து விழுந்தன. மறுபடி போட்டான். நிமிர்ந்தே விழுந்தன. மூன்றாவது தடவையும் அதேதான்.

"அம்மாவுக்கு இன்னைக்கு சிரிப்பா வருதுபோல," என்றார் பெருக்கிக்கொண்டிருந்த கோயில்காரர். "இப்படி நான் பாத்ததே இல்ல. என்ன கேட்டீங்க?"

"குடும்பத்தோட டூர் போகலாமான்னு."

"கேள்வியை மாத்திப் பாருங்களேன்."

மாற்றினான். கடலோரமாகப் போகும் பதினோராம் நம்பர் சாலையை விட்டுவிட்டு, மலைக்கு உள்பக்கம் வயல்வெளியில் போகும் ஒன்பதாம் நம்பர் சாலையில் போனால்? உடனே சம்மதம். மூன்று தடவையும் சம்மதம்.

அட்டவணை மாறியது. கடல் இருந்த இடங்களில் மாட்டுப்பண்ணை வந்தது, சிஷாங் ஊரின் பேர்போன சாப்பாட்டுப் பெட்டி வந்தது, ஆகஸ்ட் வெயிலில் ஒரு வெந்நீர் ஊற்றும் வந்தது. நிங்நிங் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் தேடினாள்.

"இதுல கடல் எங்கப்பா?"

"மலைக்கு அந்தப் பக்கம்."

"முழு வழியும்?"

"முழு வழியும். கடைசியில ஒரே ஒரு இடத்துல மலையைத் தாண்டி ரூமுக்குப் போறோம்ல, அங்க தெரியும்."

அந்த வாக்கியம் மாமனார் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிறு அவர் ஜன்னலைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். "தூங்கறப்ப கடலைப் பாத்த ஜன்னல் திறந்திருக்கக் கூடாது மாப்ளே. அது வீட்டுக்குள்ள வாங்கன்னு கூப்பிடற மாதிரி."

போஹான் விடுதிக்குப் போன் செய்தான். "பின்பக்கமா, கார் நிறுத்தற இடத்தைப் பாத்த ரூம் இருக்குங்களா?"

விடுதிக்காரம்மா ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். "கடல் தெரியாத ரூமா? இருக்கறதே மூணு ரூம். மூணுமே கடலைப் பாத்துதாங்க. வேணும்னா கண்ணை மூடிக்கோங்க."

கடைசியில் ஜன்னலில் ஒட்டுவதற்குப் பழைய செய்தித்தாள் ஒரு கட்டும், ஒட்டுநாடா நாலு சுருளும் எடுத்துப்போவதென்று முடிவாயிற்று. மாமனாரே முன்வந்து தன் வீட்டுச் செய்தித்தாள்களைக் கொடுத்தார்.

கூடவே ஒரு பட்டியலும் கொடுத்தார். பௌர்ணமியன்று தங்கும் இடத்தில் மேஜை போட்டு நல்லண்ணன்மாருக்குப் படைக்க வேண்டுமாம். கப் நூடுல்ஸ் இரண்டு பெட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு சிப்ஸ், அரிசி மது, எரிப்பதற்குக் காகிதப் பணம், அவர்கள் முகம் கழுவ பேசின், துடைக்க புதுத் துண்டு, பல் துலக்க பிரஷ். மடக்கு மேஜை. அத்தனையும் அடுக்கியபோது காரின் டிக்கி நிரம்பி, பின் சீட்டில் பாதியும் போயிற்று.

"வளையம் எங்க வைக்கறது?" என்று கேட்டான் தோதோ.

"இந்தத் தடவை வளையம் வேண்டாம்டா."

"சிப்ஸ் எனக்கா?"

"இல்ல. அது அண்ணன்மாருக்கு."

"அவங்க மட்டும் கடலுக்குப் போய், சிப்ஸ் தின்னு, பல்லும் தேச்சுக்குவாங்க. நான் காருக்குள்ள உக்காந்து மாட்டைப் பாக்கணுமா?"

இதற்கு மேல் சுருக்கமாக அந்தப் பயணத் திட்டத்தை யாரும் விளக்க முடியாது. தோதோ அழுதான். வளையத்தைக் கழற்றாமல் அப்படியே தூங்கிப்போனான்.

கிளம்ப நாலு நாள் இருந்தபோது மாமனார் படியிறங்கி இவர்கள் வீட்டுக்கே வந்தார். மாப்பிள்ளை பிறந்த வருடத்துக்கு இந்த வருடம் கிழக்குத் திசை ஆகாது என்று இப்போதுதான் பார்த்தாராம். "நான் சொல்றதைச் சொல்லிட்டேன். போறதும் போகாததும் உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு, தோதோவின் தலையைத் தடவினார். பெய்ஜுனின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"போதும் போஹான். கேன்சல் பண்ணிடு."

"அப்பா மட்டும் வீட்டுல இருக்கட்டும், நாம போலாமே," என்று நிங்நிங் சொல்லிப் பார்த்தாள். அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவன் போஹான் ஒருவன்தான்.

அவன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு வாரமாக எப்படிச் சொல்வது என்று பயந்த வார்த்தையைச் சொன்னான். "நாம போகலைம்மா."

"தெரியும்ப்பா," என்றாள் அவள். "லீவு டைரியில நேத்தே எழுதிட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று போஹானுக்கு இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கட்டட லிஃப்டெல்லாம் நேரத்துக்கு ஓடவைக்கிறவனால் நாலு பேரை ஒரு கடலுக்குக் கூட்டிப்போக முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோங்க. அந்த மூலை ரூமை…"

"ரத்துதானே?" என்றாள் விடுதிக்காரம்மா உற்சாகமாக. "ஒண்ணும் மன்னிப்பெல்லாம் வேண்டாங்க. கட்டின முன்பணத்தை முழுசா அனுப்பிடறேன். அந்த ரூமுக்கு ஆள் ரெடியா இருக்கு."

"இந்த மாசத்துலயா? யாருங்க வருவாங்க?"

"பதினோரு வருஷமா வர்றவர்தாங்க. உங்க ஊர்ப்பக்கம்தான், பான்னு ஒரு பெரியவர், டூரிஸ்ட் பஸ் ஓட்டினவரு. இந்த மாசத்துலதான் கடல் காலியா இருக்கும்னு காலையும் சாயங்காலமும் இறங்கி நீந்துவாரு. இந்த வருஷம் நீங்க முந்திக்கிட்டீங்களா, பத்து நாளா தினமும் போன் பண்ணி, 'அந்தக் குடும்பம் இன்னுமா கேன்சல் பண்ணலை'ன்னு கேட்டு என் உயிரை எடுத்துட்டாரு!"