காலி வீட்டின் இடது மூலை

வந்து பாருங்கள், வாசகர்களே. இந்த அநியாயத்துக்கு நீங்களும் சாட்சியாக வேண்டும். ஆளில்லாத வீடு என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்ன வீடு அது. மூன்றாம் மாடியில், வெறுந்தரையும் வெள்ளைச் சுவருமாய்க் கிடந்த கூடம். படமெடுத்தால் அதன் இடது மூலையில் ஒரு முழங்கை நிற்கிறது.

எடுத்தவரை நண்பர்கள் அகலக்கண்ணர் என்பார்கள். எலிவளையையும் அரண்மனையாக்கிக் காட்டும் கைவரிசைக்காரர். மாலைக்குள் காலிக் கூடத்தின் படம் போய்ச் சேராவிட்டால், அந்த வீட்டுக்காரரின் கட்டடங்கள் அத்தனையையும் இனிமேல் அகலக்கண்ணரின் மைத்துனன்தான் படமெடுப்பான். அந்த அவமானத்தை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

அவருடையது டெக்னிகல் கேமரா. லென்ஸ் அசையாது, பின்னால் படத்தைப் பதியும் டிஜிட்டல் பலகை மட்டும் இடம், நடு, வலம் என்று நகரும். மூன்று படங்களை ஒட்டினால், சுவர் சாயாமல் கூடம் முழுவதும் விரியும். அந்த விரிவில் பக்கத்தில் நிற்பவரின் செருப்புகூடத் தப்பாது. ஆகவே பலகையை நகர்த்த உள்ளே போவார். வெளியே வந்து கதவைச் சாத்தி, மாடிப்படியில் மடிக்கணினியோடு அமர்ந்து, அதிலிருந்தே ஷட்டரை அழுத்துவார்.

முழங்கையைக் கண்டதும் உள்ளே ஓடினார். யாருமில்லை. உள்ளறைக் கதவை இழுத்தார்; திறக்கவில்லை. பழைய சாமான் அடைத்திருக்கிறது, தொட வேண்டாம் என்று வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருந்தார்.

அதே கேமரா வைத்திருப்போரின் வாட்ஸப் குழுவில் முழங்கையைப் போட்டு யோசனை கேட்டார். ஓரத்தில் ஒளி சிதறினால் அப்படித்தான் என்றார் ஒருவர். தாம் எடுத்த தூணுக்கு ஒருமுறை மூக்கே முளைத்ததாம். பலகையை இன்னும் இடப்பக்கம் தள்ளச் சொன்னார். தள்ளினார். முழங்கைக்கு உரியவள் முழுசாய் வந்து நின்றாள். நடுவயதுப் பெண், பார்வை நேரே லென்ஸின்மேல்.

"ஷட்டர ஒரு நிமிஷம் தொறந்தே வைங்கண்ணே," என்று குரல்பதிவு அனுப்பினான் ஒரு விளம்பரப் படக்காரன். "நடமாடுற ஆளெல்லாம் கரைஞ்சு காணாமப் போயிடும்."

திறந்து வைத்தார். கூரை விசிறியின் இறக்கைகள் கரைந்துவிட்டன. அவள் கரையவில்லை. தலைமுடிகூட அசையாமல் நின்றிருந்தாள். பக்கத்தில் இப்போது ஒரு ஆணும்.

அகலக்கண்ணரின் முதுகில் ஈரத்துணியைப் போர்த்தியது போலிருந்தது. உருவம் சின்னதாய்த் தெரிந்தால் அழிப்பது சுலபம், இன்னும் அகலமான லென்ஸை மாட்டு என்றார் மூன்றாமவர். மாட்டினார். ஓரத்தில் நிற்பதை இழுத்து நீட்டுவது அந்த லென்ஸின் குணம். இருவரின் விரல்களும் முழ நீளமாய்ச் சுவரில் படர்ந்திருந்தன. நடுக்கூடத்தில் ஒரு சிறுமி, சம்மணமிட்டு, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

குழுவில் கடைசி யோசனை வந்தது. "மாப்ளே, கேமராவ விட்டுட்டு ஓடிடு."

ஓடத்தான் நினைத்தார்; மைத்துனன் முகம் நினைவுக்கு வந்தது. சரி, மூவரையும் கணினியிலேயே துடைத்தெடுத்துவிடுவோம் என்று விரலை அழிக்கும் பொத்தானுக்குக் கொண்டுபோனார். அப்போது எதிர்வீட்டு அம்மாள் துடைப்பத்தோடு வந்து, அவர் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

"அட, நல்லா விழுந்திருக்காங்களே."

"உங்க கண்ணுக்கும் தெரியுதாம்மா?" அகலக்கண்ணர் திரையை அம்மாள் பக்கம் திருப்பினார்.

"ஏன் தெரியாது? தினமும் பாக்கற மூஞ்சிதானே." அம்மாள் உள்ளே கேட்காத குரலில் தொடர்ந்தார். "ஆளில்லாத வீடுன்னு வித்துட்டு, வாங்கினவன விட்டு, வாடகைக்கு இருக்கற அவங்கள வெளிய தள்ளப் பாக்கறாரு வீட்டுக்காரரு. உள்ளறைக்குள்ள கெடங்க, ஒரு வார்த்த பேசினாலும் சாமான் தெருவுலன்னு மெரட்டிட்டுப் போயிருக்காரு."

அகலக்கண்ணரின் விரல் பொத்தான்மேல் நின்றது. கதவுக்குப் பின்னால் யாரோ மெல்லத் தும்மினார்கள்.

"பேசக்கூடாதுன்னுதான தம்பி சொன்னாரு, படத்துல நிக்கக்கூடாதுன்னு சொல்லலியே," என்றார் அம்மாள். "அதான் நீங்க கதவச் சாத்தினதும் வந்து நிக்கறாங்க. அழிச்சிடாதீங்க, பாத்தவங்க நீங்க, கேக்கறவங்க கிட்ட ஆளிருக்குன்னு சொல்லுங்க."