கிதார் காத்த குடும்பம்

இல்லறத்தில் அமைதி நிலவ மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலையாயது, தெருமுனை இத்தாலிய உணவகத்தில் வாசிக்கப்படும் கிதார்தான். இது, காப்பீட்டு அலுவலகக் கண்காணிப்பாளரின் அசைக்க முடியாத கருத்து.

வீட்டில் மனைவி "ஒரு விஷயம் பேசணும்" என்று தொடங்கினால், "இங்க வேண்டாம், வெளியில போய் நிதானமா பேசலாம்" என்று சனிக்கிழமைதோறும் இங்கே கூட்டிவந்துவிடுவார். மேடையை ஒட்டிய மேஜையாகப் பார்த்துச் சொல்லிவைப்பதும் அவரே. அங்கே உட்கார்ந்தால் ஒலிபெருக்கி காதுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

மனைவியின் உதடுகள் அசையும். அவர் பாஸ்தாவை முள்கரண்டியில் சுற்றியபடி, இரண்டு வாய்க்கு ஒரு முறை தலையாட்டுவார். இதற்குப் பெயர் 'மனம்விட்டுப் பேசுதல்'. சுற்றியுள்ள மேஜைகளிலும் கணவன்மார் இதே முறையைக் கடைப்பிடித்தார்கள். எல்லாரும் தன் தாளத்துக்குத்தான் தலையாட்டுகிறார்கள் என்று நம்பிய கிதார்காரர் மேலும் உற்சாகமாக வாசிப்பார்.

அந்தச் சனிக்கிழமை உற்சாகம் எல்லை மீறி, 'டங்'கென்று தந்தி அறுந்தது.

கூடமே நிசப்தமானது. நடுவில் மனைவியின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"...அதனால திங்கட்கிழமை நான் கிளம்பறேன்."

முள்கரண்டிகள் அந்தரத்தில் நின்றன.

"எங்க?" என்றார் கண்காணிப்பாளர். பல வருஷங்களில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

"வேற ஊருக்கு. அங்க வேலை கிடைச்சிருக்கு. வீடும் பார்த்தாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேட்டேனே! போன வாரம் இங்கதான், 'நான் தனியா போய் இருந்துக்கறேன், சம்மதமா'ன்னு கேட்டேன். நல்லா தலையாட்டினீங்க."

"அது... பாட்டுக்கு ஆட்டினது!"

"'உங்களுக்கு இதுல வருத்தம் இல்லையே'ன்னும் கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டு 'ஆஹா, பிரமாதம்'னீங்க."

பக்கத்து மேஜை அம்மாள் சிரித்தே விட்டார். அவருடைய கணவர், எதற்கும் இருக்கட்டும் என்று தன் தலையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

கண்காணிப்பாளர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். 'போகாதே' என்று சொல்ல வாயெடுத்தார். அவள் ஏன் போகிறாள் என்று தெரிந்தால் அல்லவா ஏதாவது சொல்லித் தடுக்கலாம்? காரணத்தை அவள் எந்தப் பாட்டின்போது சொன்னாளோ! அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, நிதானமாக வெளியே போய்விட்டாள்.

அவர் உணவக முதலாளியைக் கூப்பிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார், சாப்பாட்டுல ஏதாவது குறையா?"

"குடும்பத்தோட வர்ற இடம்யா இது! பொறுப்பில்லாம இப்படித் திடீர்னு வாசிப்பை நிறுத்தினா, அவங்க பேசறது எங்க காதுல விழுந்துடாதா?"